சென்னை – தூத்துக்குடி: தூரமும் பயண நேரமும்

சென்னை விமான நிலையத்துக்கும் தூத்துக்குடியை அடுத்த வாகைகுளம் விமான நிலையத்துக்கும் நேர்க்கோட்டுத் தூரம் ஏறத்தாழ 525 கி.மீ. எழும்பூரிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் பாதையில் போனால் 650 கி.மீ.க்குச் சற்று மேல். தூத்துக்குடிப் பக்கத்துக் கரிசல் சீமை சென்னைக்கு எவ்வளவு தொலைவு என்பதற்கு ஒரே விடை எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. எந்த வழியில், எதில் ஏறிப் போவது என்பதைப் பொறுத்தே தூரமும் நேரமும் அமைந்தன.

ரயில் வருமுன் கோவில்பட்டி, விளாத்திகுளம், குளத்தூர்ப் பக்கத்துப் பருத்தி மாட்டுவண்டிகளில் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போனது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கரிசல் மண் குழைந்து சக்கரத்தை அப்பிக்கொள்ளும். கோடையில் எளிதாகக் கடக்கும் வழி அப்போது எத்தனை நாள் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

1876-ல் தென்னிந்திய ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதை மதுரையிலிருந்து கோவில்பட்டி, மணியாச்சி வழியாகத் தூத்துக்குடியை எட்டியது. குளத்தூர் அந்தப் பாதைக்குக் கிழக்கே, கடலோரத்துக்கு அருகே ஒதுங்கி நின்றது. சென்னையிலிருந்து கொழும்புப் பயணிகளுக்கான போட் மெயில் இந்தத் தடத்தில்தான் ஓடியது. தூத்துக்குடியில் இறங்கிக் கப்பல் ஏறினால் கொழும்பு. ரயில் அன்று விழுப்புரத்திலிருந்து மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுற்றித் திருச்சி வந்ததால் தூரம் ஏறத்தாழ 710 கி.மீ. ஆனது, பயணத்துக்கு 22 மணி நேரம் பிடித்தது. 1914-ல் பாம்பன் பாலம் திறந்ததும் போட் மெயில் தனுஷ்கோடிக்கு மாறியது. 1920களின் கடைசியில் விருத்தாசலம் வழியாக விழுப்புரம்–திருச்சி குறுக்குப் பாதை வந்தபின் 60 கி.மீ.க்கு மேல் குறைந்தது. ஊர்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. பாதை மாறியதால் சென்னை கிட்டே வந்தது.

வாகைகுளத்தில் 1992-ல் விமான நிலையம் திறக்கப்பட்டது. சேவை விட்டுவிட்டு நடந்து நின்றுபோய், 2006-ல் ஏர் டெக்கான் மறுபடி தொடங்கியது. ஓடுபாதையின் நீளம் 1,350 மீட்டர்தான். ஜெட் விமானம் இறங்க அது போதாது என்பதால் ஏடிஆர் போன்ற, மணிக்கு 500 கி.மீ. அளவில் பறக்கும் புரொப்பெல்லர் விமானங்களே வந்து போயின. 525 கி.மீ.க்கு ஒரு மணி நேரம் போதுமே என்று தோன்றும். ஆனால் தரையில் ஊர்வது, மேலெழுவது, இறங்க முறை பெறுவது எல்லாம் சேர்ந்து அட்டவணையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் ஆனது. ஓடுபாதை 3,115 மீட்டராக நீட்டப்பட்டு, புதிய முனையம் 2025 ஜூலை 26 அன்று திறக்கப்பட்டது. இனிப் பெரிய ஜெட் விமானங்களும் இறங்கலாம். இருந்தாலும் இவ்வளவு குறுகிய தூரத்தில் ஏறுவதும் இறங்குவதுமே பாதி நேரத்தை எடுத்துக்கொள்வதால், வேகம் கூடிய அளவுக்கு நேரம் குறையாது.

குளத்தூர்க்காரர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே தூத்துக்குடிக்கு வந்து, அங்கிருந்து திருநெல்வேலி சாலையில் மேற்கே வாகைகுளம் போக ஒரு மணி நேரம் வேண்டும். பாதுகாப்புச் சோதனைக்கு முன்கூட்டியே போய்ச் சேரவேண்டும். மீனம்பாக்கத்தில் இறங்கி நகருக்குள் போகவும் நேரம் ஆகும். எல்லாம் கூட்டினால் ஏறத்தாழ ஐந்து மணி நேரம். முத்துநகர் விரைவு ரயில் தூத்துக்குடியிலிருந்து எழும்பூர் சேர 11 மணி நேரம் அளவில் எடுத்துக்கொண்டாலும், அது இரவில் ஓடுவதால் பகல் பொழுது வீணாவதில்லை. கட்டணமும் குறைவு என்பதால் கரிசல் ஊர்களில் பெரும்பாலோர் இன்னும் ரயிலையும் இரவுப் பேருந்தையும்தான் நம்பியிருக்கிறார்கள்.