இணைய விளையாட்டுக்களில் வளம் திரட்டும் துணைப் பாத்திரங்கள்

வளம் திரட்டும் துணைப் பாத்திரங்கள் என்பவை, இணையம் வழியாகப் பலர் ஒன்றுகூடி ஆடும் கணினி விளையாட்டுக்களில், ஆட்டக்காரருக்குப் பதிலாக மரம் வெட்டுதல், கனிமம் அகழ்தல், மூலிகை பறித்தல், மீன் பிடித்தல் போன்ற பணிகளைச் செய்யும் கணினிப் பாத்திரங்கள் ஆகும். இவற்றை விளையாட்டின் மென்பொருளே இயக்குகின்றது. ஆட்டக்காரர் பணியை ஒப்படைத்துவிட்டு வேறு செயலில் ஈடுபடலாம். சில விளையாட்டுக்களில் கணினியை அணைத்துவிட்டுச் செல்லவும் இயலும். குறித்த நேரம் கழிந்தபின் துணைப் பாத்திரம் பொருட்களுடன் திரும்பி வரும்.

விளையாட்டு நிறுவனத்தின் அனுமதியின்றி, வெளி மென்பொருள் கொண்டு ஆட்டக்காரரின் பாத்திரத்தையே தானாக இயக்குவது பாட் எனப்படும். அது பெரும்பாலான இணைய விளையாட்டுக்களில் விதிமீறல் ஆகும். துணைப் பாத்திரமோ விளையாட்டின் விதிகளுக்கு உட்பட்ட ஓர் உறுப்பு. இரண்டும் ஒரே சலிப்பில் இருந்து பிறந்தவை என்றாலும் விளைவுகளில் வேறுபடுகின்றன.

தேவை

பெருந்திரள் இணையப் பாத்திர விளையாட்டுக்களில் வாள், கவசம், மருந்து, உணவு முதலியவற்றை ஆட்டக்காரர்களே உருவாக்கி விற்பது வழக்கம். இதற்கு மூலப்பொருட்கள் பெருமளவில் வேண்டும். ஒரு கவசத்திற்கு நூற்றுக்கணக்கான கனிமக் கட்டிகள் தேவைப்படலாம். ஒவ்வொன்றையும் பெற ஒரே பாறையை அணுகி ஒரே பொத்தானை அழுத்த வேண்டும். இவ்வாறு திரும்பத் திரும்பச் செய்யும் வேலையை ஆட்டக்காரர்கள் கிரைண்டிங் என்று அழைக்கின்றனர்.

ஆய்வாளர் நிக் யீ 2006 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், இத்தகைய விளையாட்டுக்களை ஆடுவோர் வாரத்திற்குச் சராசரியாக ஏறத்தாழ 20 மணி நேரம் செலவிடுகின்றனர் என்றும், அவர்கள் செய்வது அலுவலக வேலையை ஒத்துள்ளது என்றும் காட்டினார். ஸ்டார் வார்ஸ் கேலக்சீஸ் விளையாட்டில் மருந்து உற்பத்தி செய்வோர் மூலப்பொருள் தேடுவது, விலை கணக்கிடுவது, போட்டியாளரைக் கண்காணிப்பது ஆகியவற்றில் ஈடுபடுவதை அவர் எடுத்துக்காட்டாகக் கூறினார்.

ஆயினும் இவ்வேலையை முற்றாக நீக்கிவிட முடியாது. பொருள் எளிதில் கிடைத்தால் அதற்கு மதிப்பு இராது. மதிப்பு இல்லையேல் சந்தை இல்லை. சலிப்பைக் குறைக்க வேண்டும், அருமையையும் காக்க வேண்டும் என்ற இவ்விரு நோக்கங்களுக்கும் இடைப்பட்ட தீர்வாகவே துணைப் பாத்திரங்கள் தோன்றின.

வரலாறு

பணியாளரை அனுப்பி வளம் சேர்க்கும் முறை முதலில் நிகழ்நேர உத்தி விளையாட்டுக்களில் பரவலானது. வெஸ்ட்வுட் ஸ்டூடியோஸ் 1992 ஆம் ஆண்டில் வெளியிட்ட டியூன் 2 விளையாட்டில், அறுவடை வண்டி தானாகவே வயலுக்குச் சென்று நிரம்பியதும் ஆலைக்குத் திரும்பும். 1997 இல் வெளியான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் விளையாட்டில் கிராமவாசிகள் இதே வேலையைச் செய்தனர். இவற்றில் ஆட்டக்காரர் எந்தவொரு தனிப் பாத்திரமும் அல்லர். மேலிருந்து ஆணையிடும் தலைவர் மட்டுமே.

1997 செப்டம்பரில் வெளியான அல்டிமா ஆன்லைன் போன்ற விளையாட்டுக்களில் ஆட்டக்காரர் தாமே ஒரு பாத்திரமாக வாழ வேண்டியிருந்தது. ஆகவே மரத்தையும் தாமே வெட்ட வேண்டியதாயிற்று. பலர் குறுநிரல்களை இயக்கிவிட்டு உறங்கச் சென்றனர். ஆள் இல்லாமல் ஆடுவதற்கு எதிராக விதிகள் வகுக்கப்பட்டன.

2003 சூன் மாதம் வெளியான ஸ்டார் வார்ஸ் கேலக்சீஸ் வேறு வழியைத் தேர்ந்தது. அதில் ஆட்டக்காரர் நிலத்தை ஆய்வு செய்து, வளம் செறிந்த இடத்தில் அகழ் இயந்திரத்தை நிறுவலாம். இயந்திரம் இரவும் பகலும் இயங்கும். ஆனால் அதற்கு மின்னாற்றலும் பராமரிப்புப் பணமும் கொடுக்க வேண்டும். வளப் படிவுகள் சில நாட்களில் மறைந்து, வேறு தரத்துடன் வேறிடத்தில் தோன்றும். எனவே உடலுழைப்பை இயந்திரம் ஏற்றது. எங்கே தோண்டுவது என்ற முடிவு மனிதரிடமே இருந்தது. இவ்விளையாட்டு 2011 திசம்பர் 15 அன்று நிறுத்தப்பட்டது.

எடுத்துக்காட்டுகள்

ரூன்ஸ்கேப்: மிசலேனியா என்னும் தீவு அரசின் ஆட்சிப் பொறுப்பை ஏற்கும் ஆட்டக்காரர், குடிமக்களை மரம், நிலக்கரி, மீன், மூலிகை முதலிய பணிகளுக்குப் பகிர்ந்தளிக்கலாம். கருவூலத்தில் இட்ட பணம் நாள்தோறும் கூலியாகக் குறையும். அரசருக்கு மக்களிடம் உள்ள செல்வாக்கும் நாளடைவில் குறையும். அதை மீட்க அவரே இறங்கிக் களை எடுக்கவோ மரம் வெட்டவோ வேண்டும்.

ஈவ் ஆன்லைன்: ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003 இல் வெளியிட்ட இவ்விண்வெளி விளையாட்டில், கப்பலில் இருந்து ஏவப்படும் ஆளில்லாச் சிறு கலங்கள் விண்கற்களில் இருந்து கனிமம் கொண்டு வருகின்றன. 2010 இல் கோள்களில் அகழ்வுக் குடியிருப்புகளை அமைக்கும் வசதி சேர்க்கப்பட்டது. ஆட்டக்காரர் இணைப்பில் இல்லாத போதும் இவை இயங்கும். விளைபொருளை விண்வெளிக்கு ஏற்றிச் செல்வது அவர் பொறுப்பு. வழியில் பிற ஆட்டக்காரர்களின் கொள்ளைக்கு இலக்காகும் ஆபத்தும் உண்டு.

ஸ்டார் வார்ஸ்: த ஓல்ட் ரிபப்ளிக்: பயோவேர் நிறுவனம் 2011 திசம்பரில் வெளியிட்டது. கதையில் உடன் வரும் தோழர்களையே வளம் திரட்டவும் பொருள் செய்யவும் அனுப்பும் முறை இதில் உள்ளது. ஒருவர் மூன்று குழுத்திறன்களைக் கற்கலாம். அவற்றுள் ஒன்று மட்டுமே பொருள் செய்யும் திறனாக இருக்கலாம். தோழரை அனுப்பப் பணம் செலவாகும். பணிக்குச் சென்ற தோழர் திரும்பும்வரை போரில் துணை நிற்கமாட்டார்.

ஃபைனல் ஃபேன்டசி 14: 2013 இல் மீளுருவாக்கப்பட்டு வெளியான இவ்விளையாட்டில், பொருட்களைக் காக்கவும் விற்கவும் ஏவலர்கள் உள்ளனர். இவர்களை வளம் திரட்டவும் அனுப்பலாம். ஒரு துறையில் ஏவலரின் நிலை ஆட்டக்காரரின் நிலையை விட உயர முடியாது. ஆட்டக்காரர் முன்னர்த் தம் கையால் திரட்டிப் பதிவு செய்த பொருளையே ஏவலர் கொண்டுவருவார். இரண்டு ஏவலர்கள் கட்டணமின்றிக் கிடைப்பர். கூடுதல் ஏவலருக்கு மாதக் கட்டணம் உண்டு.

பிளாக் டெசர்ட்: தென்கொரியாவின் பேர்ல் அபிஸ் நிறுவனத்தின் படைப்பு. கொரியாவில் 2014 திசம்பரிலும், வட அமெரிக்கா, ஐரோப்பாவில் 2016 மார்ச்சிலும் வெளியானது. வளம் உள்ள இடங்களை நகரத்துடன் இணைத்து, தங்குமிடம் ஏற்படுத்தி, பணியாளரை அமர்த்த வேண்டும். கோப்ளின் இனத்தவர் விரைவானவர், ஆனால் விரைவில் களைப்பவர். பூத இனத்தவர் மெதுவானவர், நெடுநேரம் உழைப்பவர். மனிதர் இடைப்பட்டவர். களைத்த பணியாளருக்குப் பீர் காய்ச்சிக் கொடுக்க வேண்டும். அதற்கான தானியத்தையும் இன்னொரு பணியாளரே பயிர் நிலத்தில் இருந்து கொண்டு வரலாம். தொடக்க ஆண்டுகளில் விளையாட்டுடன் இணைந்திருக்கும் போதே பணியாளர் தொடர்ந்து உழைத்தமையால், பலர் இரவு முழுதும் கணினியை அணைக்காமல் விட்டனர்.

ஆல்பியன் ஆன்லைன்: 2017 சூலையில் வெளியானது. இதில் தனித்தீவில் வீடு கட்டி உழைப்பாளரைக் குடியமர்த்தலாம். வெறும் கூலிக்கு இவர் வேலை செய்வதில்லை. ஆட்டக்காரர் தாமே வளம் திரட்டும்போது நிரம்பும் குறிப்பேட்டைக் கொடுத்தால், அதைப் பெற்றுச் சென்று 22 மணி நேரம் கழித்துப் பொருட்களுடன் திரும்புவார். நிரம்பிய குறிப்பேடுகளைச் சந்தையில் வாங்கவும் முடியும்.

செயற்படும் முறை

பணியாளர் ஒவ்வொரு கணமும் வழங்கியில் உண்மையாகவே உழைத்துக் கொண்டிருப்பதாகப் பலர் எண்ணுவர். நேர அடிப்படையிலான பணிகளில் பொதுவாக அவ்வாறு செய்யத் தேவையில்லை. பணி தொடங்கிய நேரம், எடுக்கும் காலம், பணியின் வகை ஆகியவை மட்டும் தரவுத்தளத்தில் எழுதப்படுகின்றன. ஆட்டக்காரர் மீண்டும் வரும்போது, கடந்த நேரத்தைக் கணக்கிட்டு விளைவு வழங்கப்படும். ஆயிரம் பணியாளர்கள் இருந்தாலும் அவை ஆயிரம் வரிகளே. அதனால் வழங்கிக்குப் பெருஞ்சுமை ஏற்படுவதில்லை.

நேரத்தை வழங்கியின் கடிகாரமே முடிவு செய்வதால், ஆட்டக்காரர் தம் கணினியின் கடிகாரத்தை முன்னே தள்ளி ஏமாற்ற இயலாது.

இத்தகைய அமைப்புகளில் பின்வரும் கட்டுப்பாடுகள் பரவலாகக் காணப்படுகின்றன:

- எண்ணிக்கை வரம்பு: அமர்த்தக்கூடிய பணியாளர் தொகை வரையறுக்கப்படும்.
- செலவு: கூலி, உணவு, பராமரிப்பு ஆகியவை வழியாக விளையாட்டுப் பணம் வெளியேறும்.
- முன் தகுதி: ஆட்டக்காரர் தாமே கற்ற பின்னரே ஒப்படைக்க முடியும்.
- கவனிப்பு: அவ்வப்போது திரும்பி வந்து பார்க்காவிடில் பணி நின்றுவிடும்.

பொருளாதார விளைவுகள்

துணைப் பாத்திரங்களால் உற்பத்தி மிக எளிதில் பெருகும். ஒரு பணியாளர் அரைமணிக்கு 10 கட்டிகள் கொண்டு வருவதாகக் கொள்வோம். ஒருவரிடம் 5 பணியாளர்கள் இருந்தால் நாளொன்றுக்கு 2,400 கட்டிகள். 10,000 ஆட்டக்காரர்கள் இவ்வாறு செய்தால் 2.4 கோடிக் கட்டிகள். இவற்றில் ஒன்றைக் கூட மனிதர் எவரும் வெட்டி எடுக்கவில்லை. தேவை அதே அளவில் இருப்பின் விலை சரியும். கையால் திரட்டி வாழ்ந்த புதிய ஆட்டக்காரரின் வருவாய் முதலில் பாதிக்கப்படும்.

வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டின் வார்லார்ட்ஸ் ஆஃப் டிரேனர் விரிவாக்கம் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. 2014 நவம்பரில் வெளியான அதில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் தனிக்கோட்டை வழங்கப்பட்டது. அதனுள் சுரங்கமும் மூலிகைத் தோட்டமும் இருந்தன. பின்பற்றுவோரைப் பணிகளுக்கு அனுப்பித் தங்கமும் பொருளும் பெறலாம். ஆட்டக்காரர்கள் தம் கோட்டையை விட்டு வெளியேறுவதே குறைந்தது என்பது பரவலாக எழுந்த குறை. பலர் கூடி ஆட வேண்டிய உலகில் ஒவ்வொருவரும் தனியே பட்டியல் பார்த்துக் கொண்டிருந்தனர். பணி அனுப்பும் முறை 2016, 2018, 2020 ஆம் ஆண்டு விரிவாக்கங்களிலும் மாறிய வடிவங்களில் தொடர்ந்தது. 2022 இல் வெளியான டிராகன்ஃப்ளைட் விரிவாக்கத்திற்கென அத்தகைய புதிய முறை அமைக்கப்படவில்லை.

பாட் நிரல்களும் மனித உழைப்பும்

விளையாட்டு தானே துணை தராத இடத்தில் ஆட்டக்காரர்கள் வெளியே துணை தேடினர். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் பாத்திரத்தைத் தானாக இயக்கும் கிளைடர் என்னும் நிரல் 2008 செப்டம்பர் வரை ஏறத்தாழ 1,20,000 உரிமங்கள் விற்று, 35 இலட்சம் டாலர் ஈட்டியது. அதன் தயாரிப்பாளரான எம்டிஒய் நிறுவனத்திற்கும் பிளிசார்ட் நிறுவனத்திற்கும் இடையிலான வழக்கில், அமெரிக்காவின் ஒன்பதாம் வட்ட மேன்முறையீட்டு நீதிமன்றம் 2010 திசம்பரில் தீர்ப்பளித்தது. பாட் பயன்படுத்துவது ஒப்பந்த மீறலாகலாம், ஆனால் அதனாலேயே பதிப்புரிமை மீறல் ஆகிவிடாது என அது கூறியது. எனினும் கண்காணிப்பு மென்பொருளை ஏய்க்கும் கருவியை விற்றது எண்ணிமப் பதிப்புரிமைச் சட்டத்திற்கு மாறானது எனக் கண்டது.

சலிப்பான வேலையை மற்றொரு மனிதரிடம் ஒப்படைப்பது இன்னொரு வழி. கூலிக்கு ஆட்டமாடி, திரட்டிய பணத்தையும் பொருளையும் உண்மைப் பணத்திற்கு விற்பது தங்க வேளாண்மை எனப்பட்டது. மான்செஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் ஹீக்ஸ் 2008 இல் வெளியிட்ட ஆய்வில், இத்தொழிலில் ஏறத்தாழ 4 இலட்சம் பேர் ஈடுபட்டிருந்தனர் என்றும், அவர்களுள் பெரும்பான்மையோர் சீனாவில் இருந்தனர் என்றும் மதிப்பிட்டார். 2010களின் பிற்பகுதியில் வெனிசுலாவில் பணவீக்கம் மிகுந்தபோது, பலர் ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் விளையாட்டில் பொருள் சேர்த்து விற்று அன்றாடச் செலவைச் சமாளித்தனர்.

எனவே ஒரு விளையாட்டில் வளம் திரட்டும் பணியைத் துணைப் பாத்திரங்களுக்கு மாற்றும் முடிவு ஒருவரது சலிப்பை மட்டும் தொடுவதில்லை. நேரம் குறைந்தவருக்கு அது விடுதலை. நேரம் மட்டுமே கையில் உள்ளவருக்கு அது விலைவீழ்ச்சி.

திறனாய்வு

தானே நடக்கும் விளையாட்டு விளையாட்டாகுமா என்ற கேள்வி தொடக்கம் முதலே உள்ளது. எரிக் ஃபிரெட்ரிக்சன் 2002 இல் வெளியிட்ட புரோகிரஸ் குவெஸ்ட் இதை நையாண்டி செய்தது. பாத்திரத்தை உருவாக்கிய பின் ஆட்டக்காரர் செய்ய எதுவுமில்லை. கொள்வதும் வெல்வதும் விற்பதும் தாமாகவே நடக்கும். கேலியாகப் பிறந்த இக்கருத்தில் இருந்தே பின்னாளில் சும்மா இருந்து ஆடும் விளையாட்டுக்கள் என்னும் தனி வகை வளர்ந்தது.

துணையை ஆதரிப்போர், ஆட்டக்காரர் கூலியாள் நிலையில் இருந்து மேலாளர் நிலைக்கு உயர்கின்றார் என்பர். எதிர்ப்போர், ஒரு சலிப்பின் இடத்தில் மற்றொரு சலிப்பே வந்தது என்பர். பாறையை அழுத்துவதற்குப் பதில் பட்டியலை அழுத்துகின்றனர். பொருள் எடுக்கும் வளர்ப்பு விலங்குகளையும் கூடுதல் ஏவலரையும் பணத்திற்கு விற்பதால், சலிப்பைக் கூட்டி அதற்கு மருந்தும் விற்கும் நிலை உருவாகலாம் என்ற குறையும் கூறப்படுகின்றது.

இவற்றையும் பார்க்க

- பெருந்திரள் இணையப் பாத்திர விளையாட்டு
- நிகழ்நேர உத்தி விளையாட்டு
- மெய்நிகர் பொருளாதாரம்
- தங்க வேளாண்மை