பட்டமும் பட்டியல் எண்ணும்

நேட்டால் தமிழர் ஒருவர் தம் கொள்ளுப்பாட்டனாரின் ஊரைத் தேட முற்படும்போது முதலில் பற்றிக்கொள்வது தம் குடும்பப் பெயரைத்தான். கோவெண்டர் என்பது கவுண்டர் என்பதன் திரிபு. மூட்லி என்பது முதலி. படையாச்சியும் பிள்ளையும் ஓசை பெரிதும் மாறாமலே நிலைத்தன. ஆயின் இவை சாதிப் பட்டங்களேயன்றி ஊர் காட்டும் பெயர்கள் அல்ல. தந்தை பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொண்டு வாழ்ந்த மக்களிடம் ஆங்கில அலுவலகம் குடும்பப் பெயர் கேட்டது. பட்டமோ தந்தையின் பெயரோ, எழுத்தர் செவியில் விழுந்தபடி பதிவாயிற்று. உடன்பிறந்தார் இருவர் வெவ்வேறு குடும்பப் பெயருடன் பதிவானதும் உண்டு.

வழி காட்டுவது எண்ணே. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பனை அடைந்தது. அன்று தொடங்கி 1911 வரை 1,52,184 ஒப்பந்தக் கூலிகள் நேட்டாலுக்குச் சென்றனர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இடப்பட்டது. கப்பல் பட்டியலில் அவ்வெண்ணுக்கு எதிரே பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம் ஆகியவை நிரலே காணப்படும். மனிதனை எண்ணாகச் சுருக்கிய அதே ஏட்டில்தான் அவன் தந்தையின் பெயரும் தங்கியிருக்கிறது.

அவ்வேட்டைக் கண்டவர் திகைப்பதும் உண்டு. வீட்டில் வழங்கும் பட்டம் ஒன்றாகவும், பட்டியலில் எழுதிய சாதி வேறாகவும் இருக்கும். இதனைப் பொய் என்று தள்ளிவிடுவது எளிது, நியாயமாகாது. ஊரில் பெயரைச் சொல்லவும் தலைகுனிய வைக்கப்பட்ட ஒருவன், தன்னை அறிந்தவர் எவருமில்லாத கரும்புத் தோட்டத்தில் புதிய பட்டம் ஒன்றைச் சூடிக்கொண்டானெனில், குறை அவனுடையதா, அவன் விட்டுவந்த ஊருடையதா? தோட்டத்துக்கு ஆள் பிடித்தவர் சொல்லிக்கொடுத்த விடையே ஏட்டில் ஏறியிருக்கவும் கூடும். ஆகவே இரண்டில் எது மெய் என்று அறுதியிடுவது அரிது.

ஊரைக் காண்பதும் அத்துணை எளிதன்று. கிராமத்தின் பெயர் ஆங்கில எழுத்தில் உருக்குலைந்திருக்கும். பலரைக் கப்பலேற்றிய வட ஆர்க்காடு ஜில்லா 1989இல் இரண்டாகப் பிரிந்தது. அதன் வேலூர்ப் பகுதி 2019இல் மீண்டும் மூன்று மாவட்டங்களாயிற்று. பழைய தாலுகா வரைபடத்தை அருகில் வைத்துக்கொண்டு, எழுத்தை வாய்விட்டு ஒலித்துப் பார்த்தே ஊரை ஊகிக்க வேண்டும்.

ஊர் அகப்படாதவர்க்கும் கடைசிக் கட்டம் ஒன்று எஞ்சுகிறது. அதில் ஒரு தழும்போ மச்சமோ குறிக்கப்பட்டிருக்கும். படம் எதுவும் இல்லாத அம்மூதாதையின் உடலைப் பற்றி வழித்தோன்றல்கள் அறியக்கூடியது பெரும்பாலும் அவ்வளவே.