சி மொழியில் தரவு வகைகளின் அளவு
சி நிரலாக்க மொழியில் முழு எண்ணுக்குரிய 'இன்ட்' வகை நினைவகத்தில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்பது கணினிக்குக் கணினி மாறுபடும். இதன் காரணம் அம்மொழி தோன்றிய சூழலில் உள்ளது.

சி-யின் முன்னோடியான பி மொழியில் தரவு வகைகள் இல்லை. எழுத்தோ எண்ணோ, ஒவ்வொரு மதிப்பும் ஒரே அளவுள்ள இடத்தில் வைக்கப்பட்டது. பெல் ஆய்வகத்துக்கு 1970இல் வந்த பிடிபி-11 கணினியோ நினைவகத்தை 8 பிட் கொண்ட பைட்டுகளாக அணுகியது. எழுத்துக்கு ஒரு பைட்டு, எண்ணுக்கு இரண்டு பைட்டு எனப் பிரித்தறிய வேண்டியிருந்ததால், டென்னிஸ் ரிட்ச்சி மொழியில் வகைகளைச் சேர்த்தார். அக்கணினியில் இன்ட் 16 பிட் அளவுடையது. அதில் அடங்கும் மிகப்பெரிய எண் 32,767.

பின்னர் சி பிற கணினிகளுக்கும் பரவியது. இன்ட் ஐபிஎம் 370இல் 32 பிட்டாகவும், ஹனிவெல் 6000இல் 36 பிட்டாகவும் இருந்தது. வன்பொருளுக்கு இயல்பான அளவைப் பயன்படுத்தியதால் நிரல்கள் வேகமாக இயங்கின. ஆனால் ஓரிடத்தில் சரியாக இயங்கிய நிரல் வேறிடத்தில் தவறான விடை தரக்கூடும்.

1989ஆம் ஆண்டுச் செந்தரம் குறைந்தபட்ச எல்லைகளை மட்டுமே விதித்தது. 1999ஆம் ஆண்டுச் செந்தரம் 8, 16, 32, 64 பிட் என அளவைப் பெயரிலேயே காட்டும் வகைகளை அறிமுகப்படுத்தியது.

பழைய தெரிவுகளின் விளைவு இன்னும் தீரவில்லை. 1970 சனவரி 1 முதல் கடந்த நொடிகளை 32 பிட் குறியுடை எண்ணில் சேமிக்கும் அமைப்புகளில் 2038 சனவரி 19 அன்று அந்த எண் நிரம்பிவிடும். அதன்பின் அவை தேதியைத் தவறாகக் கணிக்கும். இதனாலேயே நேரத்தைக் குறிக்கும் வகை பல இயங்குதளங்களில் 64 பிட்டாக மாற்றப்பட்டுள்ளது.