பெங்களூரில் உயிர்ப் பொறியியல் வளர்ந்த வரலாறு



உத்தியோகம் காரணமாகப் பெங்களூரில் குடியேறிய தமிழர் பலர், மல்லேசுவரத்துக்கும் யசுவந்தபுரத்துக்கும் அருகே மரங்கள் அடர்ந்த பெரியதொரு வளாகத்தைக் கண்டிருப்பர். ஊரார் அதனை டாடா இன்ஸ்டிட்யூட் என்று அழைப்பது வழக்கம். அதுவே இந்திய விஞ்ஞானக் கழகம். அங்கே இன்று உயிர்ப் பொறியியலுக்கெனத் தனித் துறை ஒன்று விளங்குகின்றது. மனித உடலின் தேவைகளுக்குப் பொறியியல் அறிவைப் பயன்படுத்துவது அதன் நோக்கங்களுள் ஒன்று. அத்துறை பெயர் பெற்றது அண்மையில்தான். அதன் வேர்களோ மிகப் பழையன.

ஜம்சேட்ஜி டாடாவின் கனவாகிய இக்கழகம், அவர் மறைந்தபின் 1909ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. மைசூர் அரசு ஏறக்குறைய 370 ஏக்கர் நிலம் வழங்கிற்று. 1911இல் மாணவர் சேர்ந்தபோது, ரசாயனமும் மின் தொழில்நுட்பமுமே முதன்மைப் பாடங்கள். 1921இல் உயிர் ரசாயனத் துறை தோன்றிற்று. இவ்வாறு பொறியியலும் உயிர் நூலும் ஒரே வளாகத்தில் அடுத்தடுத்து வளர்ந்தன. ஆயினும் அவை அண்டை வீட்டாராகவே இருந்தன. ஒரு குடும்பம் ஆகவில்லை. மருத்துவமனையும் அங்கு இல்லை.

இரண்டுக்கும் இடையே நடந்து காட்டியவர் ஜி. என். ராமச்சந்திரன். எர்ணாகுளத்தில் பிறந்து, திருச்சிராப்பள்ளி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பயின்ற அவர், 1942இல் இக்கழகத்திற்கு மின் பொறியியல் கற்க வந்தார். சர் சி. வி. ராமன் அவரைப் பௌதிகத்திற்கு இழுத்துக்கொண்டார். 1952இல் சென்னைச் சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியராகி, தோலுக்கும் எலும்புக்கும் உறுதி தரும் கொல்லாஜன் என்னும் புரதத்தின் அமைப்பை ஆராய்ந்து உலகப் புகழ் பெற்றார். பின்னர்ப் பெங்களூர் திரும்பி, 1971இல் மூலக்கூறு உயிர்ப் பௌதிகப் பிரிவை அங்குத் தோற்றுவித்தார்.

அதே 1971இல், அவரும் ஏ. வி. லட்சுமிநாராயணனும் எழுதிய கட்டுரை ஒன்று அமெரிக்க விஞ்ஞான இதழில் வெளிவந்தது. ஒரு பொருளைப் பல கோணங்களில் எக்ஸ்ரே படமெடுத்தால் நிழல்களே கிடைக்கும். அந்நிழல்களை அப்படியே ஒன்றுசேர்த்தால் உருவம் மங்கிவிடும். ஒவ்வொரு நிழலையும் முதலில் ஒரு கணக்கால் திருத்திப் பின்னர்ச் சேர்த்தால், உள்ளமைப்பு தெளிவாகத் தோன்றும். கணக்கிடும் நேரமும் மிகக் குறையும். இதுவே அக்கட்டுரையின் சாரம். இதையொத்த முறையை ரேடியோ வானியலில் பிரேஸ்வெல், ரிடில் ஆகியோர் 1967லேயே கூறியிருந்தனர் என்பதையும் நேர்மை கருதிச் சொல்லவேண்டும்.

அவ்வாண்டு அக்டோபரில், இங்கிலாந்தில் ஹவுன்ஸ்ஃபீல்டு என்னும் பொறியாளர் அமைத்த சி.டி. ஸ்கேன் யந்திரம் முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படம் பிடித்தது. அவரது முதல் யந்திரம் வேறொரு கணக்கு முறையைக் கையாண்டது. பின்வந்த யந்திரங்களிலோ, நிழலைத் திருத்திச் சேர்க்கும் முறையே நெடுங்காலம் ஆட்சி செலுத்திற்று. 1979இல் ஹவுன்ஸ்ஃபீல்டும் கார்மாக்கும் நோபல் பரிசு பெற்றனர். நம் நாட்டிலோ கணக்கு ஏட்டில் நின்றது. யந்திரத்தை வெளிநாட்டிலிருந்து விலை கொடுத்துத் தருவித்தோம். அறிவு நம்மிடம் குறைவாயிருந்ததா? இல்லை. கணக்கறிந்தவர், யந்திரம் செய்பவர், நோயாளியைக் காண்பவர் ஆகிய மூவரும் கூடும் கூடம் இல்லாமையே குறை.

அக்கூடத்தை நோக்கிய படிகள் பிற்காலத்தில் எழுந்தன. 2015இல் உயிர்த்தொகுதி விஞ்ஞானத்திற்கும் பொறியியலுக்குமான மையம் இக்கழகத்தில் நிறுவப்பெற்றது. உயிர் நூல் அறிந்தவரும் பொறியியல் அறிந்தவரும் சேர்ந்து மாணவரை வழிநடத்துவது அதன் சிறப்பு. அம்மையமே பின்னர் உயிர்ப் பொறியியல் துறையாயிற்று. 2020இல் கொரோனாத் தொற்றுப் பரவியபோது, கழகத்துப் பொறியாளர் குழுவொன்று நம் நாட்டில் எளிதில் கிடைக்கும் உறுப்புகளைக் கொண்டு செயற்கைச் சுவாச யந்திரத்தின் மாதிரியை அமைத்தது. 2022 பிப்ரவரியில், பாக்சி தம்பதியரும் பார்த்தசாரதி தம்பதியரும் 425 கோடி ரூபாய் நன்கொடை அளிக்க முன்வர, மருத்துவக் கல்லூரியும் 832 படுக்கைகள் கொண்ட மருத்துவமனையும் அமைக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூனில் அம்மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டப்பெற்றது. முதல் மாணவர் சேர்ந்து அப்போது 111 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு இவ்வரலாறு ஓர் உண்மையை உணர்த்துகின்றது. மருத்துவர் பேசுவது ஒரு மொழி. பொறியாளர் பேசுவது மற்றொரு மொழி. இரண்டும் அறிந்தவர் நடுவில் இல்லாவிட்டால், நல்ல கருத்தும் ஏட்டோடு நின்றுவிடும். பிற மாநிலத்தில் வாழ்ந்து, வீட்டில் ஒரு மொழியும் வெளியில் ஒரு மொழியும் பேசும் நமக்கு இது புதிதன்று. நம் பிள்ளைகளில் சிலர் நாளை இத்துறையின் வாயிலில் நிற்கக்கூடும். பொறியியலா, மருத்துவமா என்று அவர்களை அதட்டிக் கேட்குமுன், மின் பொறியியல் கற்க வந்து உயிரின் அமைப்பைக் கண்ட அந்த மாணவரை நாம் நினைவு கூர்வோமாக.