ஒரே பாரம், இரண்டு சாலைகள்

2006-இல் இங்கிலாந்தின் டன்ஸ்ஃபோல்டு விமானத் தளத்தில் ஒரு ஃபோக்ஸ்வேகன் டூவரெக் எஸ்யுவி, 155 டன் எடையுள்ள போயிங் 747 விமானத்தைக் கட்டி இழுத்தது. பத்து சிலிண்டர் டீசல் எஞ்சின். சக்கரம் வழுக்காமலிருக்க வண்டிக்குள் பாரம் ஏற்றியிருந்தார்கள். சுமார் 150 மீட்டர் தூரம், மிக மெதுவாக. அதே வண்டி சாலையில் இழுக்க அனுமதிக்கப்பட்ட அளவோ 3,500 கிலோதான். இழுப்பது எளிது, இழுத்ததை வேகத்தில் நேராக ஓட்டுவதும் இறக்கத்தில் நிறுத்துவதும்தான் பெரும்பாடு. எஸ்யுவி விளம்பரங்கள் குதிரைத்திறனைப் பற்றியே பேசுவது எனக்கு எப்போதும் உறுத்தும்.

பந்தயக் கார் ஒன்றை உள்ளே வைத்துப் பூட்டிய பெட்டி டிரெய்லரை எடுத்துக்கொள்வோம். மொத்த எடை 3,500 கிலோ. இதை ஆயிரம் கிலோமீட்டர் இழுத்துச் செல்ல அமெரிக்காவில் ஒரு வழி இருக்கிறது, ஜெர்மனியில் வேறொரு வழி இருக்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர்.

வித்தியாசம் கொக்கியிலேயே தொடங்குகிறது. டிரெய்லரின் எடையில் ஒரு பங்கு, இழுக்கும் வண்டியின் கொக்கி மேல் அமர வேண்டும். பாரம் அச்சுக்கு முன்னால் இருந்தால், காற்றோ பள்ளமோ தட்டிவிட்டாலும் டிரெய்லரின் ஆட்டம் தானே அடங்கும். பாரம் பின்னால் போனால், அந்த ஆட்டம் ஒவ்வொரு வீச்சுக்கும் பெரிதாகி, கடைசியில் முன்னால் போகும் வண்டியையே புரட்டிவிடும். அமெரிக்கர்கள் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதத்தைக் கொக்கியில் ஏற்றச் சொல்கிறார்கள். நம் பெட்டிக்கு அது 350 முதல் 525 கிலோ. ஜெர்மன் சட்டம் கேட்கும் குறைந்தபட்சம் 4 சதவீதம். அதுவும் 25 கிலோவைத் தாண்ட வேண்டிய கட்டாயம் இல்லை. மேல் வரம்பை வண்டியும் கொக்கியும் தீர்மானிக்கின்றன. ஐரோப்பிய டூவரெக்கில் அது 140 கிலோ.

பெட்டிக்குள் காரை ஏற்றிக் கட்டும் நேரத்தில் இந்த எண்கள் கைக்குத் தட்டுப்படும். கார் 1,600 கிலோ. கொக்கியிலிருந்து டிரெய்லர் அச்சு நாலரை மீட்டர் தூரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், காரை 30 சென்டிமீட்டர் முன்னால் தள்ளினாலே கொக்கியில் நூறு கிலோவுக்கு மேல் கூடிவிடும். ஒரு முழம்கூட இல்லை. அமெரிக்க அளவில் அது கொஞ்சம் சாய்வு, அவ்வளவுதான். ஜெர்மன் அளவிலோ வரம்பில் பெரும்பகுதி அதிலேயே கரைந்துவிடும். அதனால் அங்கே சக்கரம் நிற்க வேண்டிய இடத்தைத் தரையில் குறித்துவைத்து, நாடாவை இறுக்குவதற்கு முன் கொக்கிப் பாரத்தை அளந்து பார்ப்பது நல்ல பழக்கம்.

அமெரிக்க வழிக்கும் விலை உண்டு. 400 கிலோ பின்னால் உட்கார்ந்தால் எஸ்யுவியின் பின்புறம் தாழும், முன் சக்கரம் லேசாகும், ஸ்டியரிங் பிடிப்பு குறையும். அதற்காகவே இரும்பு வில் கம்பிகள் கொண்ட கொக்கி அமைப்பைப் பூட்டி, பாரத்தில் ஒரு பகுதியை முன் அச்சுக்குத் திருப்புகிறார்கள். ஆனாலும் கணக்கு ஒன்று மீறுகிறது. பெரிய எஸ்யுவி தாங்கும் சுமை பெரும்பாலும் 700, 800 கிலோ. கொக்கியில் 420, ஐந்து பேர் 375, மேலே பெட்டி படுக்கை என்றால் முடிந்தது. டிரெய்லர் இழுவை வரம்புக்குள் இருக்கும். வண்டி தன் சுமை வரம்பைத் தாண்டியிருக்கும். லாரி நிறுத்தங்களில் காசு கொடுத்து எடை போடலாம். அந்த எடைமேடையில் ஏறாமல் குடும்பத்தோடு கிளம்புவது எனக்குச் சம்மதமில்லை. பெரும்பாலான மாநிலங்களில் இந்த எடைக்குச் சாதாரணக் கார் உரிமமே போதும் என்பதால், இந்தக் கணக்கைக் கேட்க யாரும் இல்லை.

ஜெர்மனியில் முதலில் உரிமமே வேறு. செய்முறைத் தேர்வு கொடுத்துத் தனி வகுப்பு வாங்க வேண்டும். அடுத்தது வேகம். டிரெய்லர் கட்டிய வண்டிக்கு மணிக்கு 80 கிலோமீட்டர். நூறில் போக வேண்டுமானால் டிரெய்லர் டயர் ஆறு வயதுக்குள் இருக்க வேண்டும், இழுக்கும் வண்டியில் ஏபிஎஸ் வேண்டும், எடை விகிதமும் பொருந்த வேண்டும். அந்த விகிதத்தில்தான் நம் பெட்டி மாட்டிக்கொள்கிறது. ஆட்டம் தணிக்கும் கொக்கி பூட்டியிருந்தாலும் டிரெய்லர், வண்டியின் வெற்று எடையைப் போல் 1.2 மடங்குக்கு மேல் போகக் கூடாது. இரண்டரை டன் எஸ்யுவிக்குப் பின்னால் மூன்றரை டன் என்றால் 1.4 மடங்கு. ஆகவே 80 தான். கொக்கியில் லேசான பாரத்தோடு அவர்களால் சமாளிக்க முடிவதற்குக் காரணம் இந்த 80.

பெட்டி டிரெய்லருக்கு வேகம் மேலும் ஒரு வகையில் முக்கியம். அதே காரைத் திறந்த டிரெய்லரில் ஏற்றினால் காற்று சந்து பொந்துகளில் புகுந்து போய்விடும். பெட்டியோ எட்டரை அடி அகலச் சுவர். பல எஸ்யுவிகளின் கையேடு டிரெய்லரின் முகப்பு 60 சதுர அடிக்குள் இருக்கச் சொல்கிறது. உயரமான பெட்டிகள் அதைத் தாண்டிவிடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது. 80-இலிருந்து 110-க்குப் போனால் எதிர்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு, தேவைப்படும் திறன் இரண்டரை மடங்குக்கும் மேல். பக்கவாட்டில் லாரி கடக்கும்போது அந்த நீண்ட சுவரை முதலில் தள்ளி, பிறகு உறிஞ்சும். ஆட்டம் தொடங்குவதும் அப்போதுதான்.

பிரேக்கில் மட்டும் என் ஓட்டு அமெரிக்காவுக்கே. ஐரோப்பிய டிரெய்லர்களில் பெரும்பாலும் உந்துபிரேக்: முன்வண்டி வேகம் குறைக்க, டிரெய்லர் முட்டித் தள்ள, அந்தத் தள்ளுதலே கம்பி வழியாக டிரம்மை இறுக்கும். எளிமையானது, மின்சாரம் வேண்டாம். ஆனால் நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் தள்ளிக்கொண்டே இருப்பதால், பிரேக்கும் விடாமல் உரசிச் சூடாகும். அமெரிக்க மின்பிரேக்குக்கு ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் ஒரு நெம்புகோல் உண்டு. ஆட்டம் கண்டால் முன்வண்டியின் பிரேக்கைத் தொடாமல், ஆக்ஸிலரேட்டரை விட்டு, அந்த நெம்புகோலை மட்டும் அழுத்தினால் டிரெய்லர் பின்னால் இழுபட்டு நேராகும். உயிர் காக்கும் இந்த வசதி உந்துபிரேக்கில் இல்லை.

அமெரிக்க இழுவை எண்களை உரசிப் பார்க்கும் இடம் அரிசோனாவில், கொலராடோ ஆற்றங்கரை புல்ஹெட் சிட்டியிலிருந்து கிளம்பும் டேவிஸ் டேம் ஏற்றம். 11.4 மைலில் சுமார் 3,000 அடி ஏறும் பாலைச் சாலை. முழுப் பாரத்தோடு, ஏசி ஓட, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏறினால்தான் தேர்ச்சி. கண்டிப்பான சோதனை, நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே 40-இல் தேறிய வண்டியை வாங்குபவர், அதே மாநிலத்தின் ஐ-40 சாலையில் 75 மைல் பலகையைப் பார்த்து மிதிக்கிறார். டிரெய்லருக்கென்றே செய்த டயர்கள் பலவற்றுக்கு வரம்பு 65 மைல் என்பது டயரின் பக்கச் சுவரோடு நின்றுவிடுகிறது.

மேற்கே போனால் அதே சாலை நீடில்ஸ் அருகே ஆற்றைக் கடந்து கலிபோர்னியாவுக்குள் நுழைகிறது. அங்கே டிரெய்லர் இழுக்கும் எந்த வண்டிக்கும் 55 மைல், ஓர லேன். அதாவது 88 கிலோமீட்டர், ஏறக்குறைய ஜெர்மன் வேகம். அலுப்பூட்டும் சட்டம் என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். கொக்கியில் 400 கிலோவும் கைக்கெட்டும் நெம்புகோலும் வைத்துக்கொண்டு அந்த 55-இல் போகும் பெட்டிதான், இரண்டு நாடுகளிலும் நான் பின்னால் போகத் தயங்காத பெட்டி.