பீங்கான் பித்தப்பையும் ஒரு பழைய சதவீதமும்

பித்தப்பைச் சுவரில் சுண்ணம் படிந்து, அது நீலம் பாய்ந்த வெண்மையோடு நொறுங்கும் பதத்துக்கு இறுகிவிடுவதை மருத்துவர்கள் 'பீங்கான் பித்தப்பை' என்பார்கள். வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தென்படுவதும் உண்டு. இதைப் புற்றுக்கு முந்திய நிலையாகக் கருதி, தொந்தரவே இல்லாதவர்களுக்கும் பித்தப்பையை அகற்றிவிடுவது நெடுங்கால வழக்கம். புற்று வரும் வாய்ப்பு 12 முதல் 61 சதவீதம் என்று எழுதிவந்தார்கள். ஒரே கோளாறுக்கு இத்தனை அகன்ற கணக்கா? அந்த எண் எங்கே பிறந்தது என்று தேடினேன்.

மேல் எல்லையின் தடம் 1962இல் அர்ஜென்டினாவில் எட்டாலா வெளியிட்ட கட்டுரைக்குக் கொண்டுபோனது. சுண்ணம் படிந்த 26 பித்தப்பைகள். அவற்றில் 16இல் புற்று. கணக்கில் பிழையில்லை. ஆனால் அவை அறுவை மேசைக்கு வந்து சேர்ந்தவை. அங்கே வராமலே இருந்தவர்களை இந்தக் கணக்கு அறியாது.

அடுத்த தடயம் பாஸ்டனில் இருந்தது. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் 1962 முதல் 1999 வரை சேர்ந்த 25,900 பித்தப்பை மாதிரிகளை ஸ்டீஃபனும் பெர்கரும் ஆராய்ந்து 2001இல் எழுதினார்கள். சுண்ணம் படிந்தவை 44 மட்டுமே. அவர்கள் அவற்றை இரண்டாகப் பிரித்ததுதான் திருப்பம். சுவர் முழுவதும் இறுகிய 17இல் ஒன்றில்கூடப் புற்று இல்லை. உட்சவ்வில் திட்டுத்திட்டாகப் படிந்த 27இல் இரண்டில் இருந்தது.

ஏன் இந்த வேறுபாடு? புற்றுக்கு முந்திய செல் உருமாற்றம், அதாவது டிஸ்பிளாசியா, உட்சவ்வில்தான் தொடங்குகிறது. சுவர் முழுக்கச் சுண்ணமானால் அந்தச் சவ்வே அழிந்துபோகும். உருமாற எதுவும் மிஞ்சாது. இது பொருந்தும் விளக்கம், நிரூபணம் அல்ல.

அதே 2001இல் வெளியான இன்னோர் அமெரிக்க ஆய்வு 10,741 அறுவைகளில் 15 பீங்கான் பித்தப்பைகளைக் கண்டது. ஒன்றிலும் புற்றில்லை. அப்படியானால் பயமே வீணா? பதினைந்தை வைத்து அந்த முடிவுக்கு வர முடியாது. 2013இல் ஷ்னெல்டோர்ஃபர் பழைய அறிக்கைகளை எல்லாம் தொகுத்தார். மொத்தமாகப் பார்த்தால் 21 சதவீதம். நோயாளித் தேர்வில் சாய்வு இருந்த அறிக்கைகளை விலக்கியதும் அது 6 ஆக இறங்கியது. சுண்ணம் படியாத, ஒப்பிடத்தக்க நோயாளிகளில் 1 சதவீதம்.

ஆக, எட்டாலாவின் எண் பொய்யல்ல. யாரைப் பற்றியது என்பதை மறந்து, எல்லோர்மேலும் அதை ஏற்றிவிட்டோம். தொந்தரவில்லாத ஒருவருக்கு இனி வயதையும் அறுவையின் ஆபத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும். பித்தப்பையை அகற்றினாலோ, சுண்ணத் திட்டுகளுக்கு நடுவே மிஞ்சிய உட்சவ்வைத்தான் நுண்ணோக்கியில் முதலில் தேட வேண்டும்.