எண்ணெய் கேட்காத புஷ்ஷும் எண்ணெய்க்குவளை பிடித்த தாத்தாவும்

ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலைப் பக்கத்து உறவுகளுக்கு இன்று கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியோடு உட்கார்ந்து வாசியுங்கள்.

போன தவணை தரம் 10 பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு தேயிலை ஸ்டோருக்குப் போயிருந்தோம். ரோலர்கள் சுற்றிக்கொண்டிருந்த இடத்தில் ஒரு மாணவி கேட்டாள், "சேர், இதுக்கு யாரும் எண்ணெய் ஊத்துறதில்லையா?" கூட வந்த ஃபிட்டர் சிரித்துவிட்டு, கழற்றி வைத்திருந்த ஒரு புஷ்ஷை எடுத்துக் காட்டினார். கருஞ்சாம்பல் நிறம், கையில் ஒட்டவில்லை. எண்ணெய் போட வேண்டாம், வேண்டியது அதற்குள்ளேயே இருக்கிறது என்றார். அந்தப் பிள்ளையின் தாத்தா இதே மாதிரி ஒரு ஸ்டோரில் முப்பது வருடம் எண்ணெய் போட்டவர். அந்தக் கேள்வி எங்களை விடவில்லை.

பாடப்புத்தகக் கதை எல்லோருக்கும் தெரியும். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டார். இரண்டு வருடம் கழித்து கோப்பி இலையில் நோய் வந்தது. கோப்பி போய்த் தேயிலை வந்தது. ஆரம்பத்தில் கொழுந்தை பங்களா விறாந்தையில் மேசை போட்டுக் கையாலேயே உருட்டினார்கள். 1872 இல் டெய்லர் உருட்டுவதற்கு ஒரு மெஷின் செய்துகொண்டார். 1880 இல் ஜோன் வோக்கர் கம்பனி ரோலர் செய்தது. இந்த வோக்கர் 1854 இல் கண்டியில் கோப்பித் தோட்டங்களுக்கு மெஷின் செய்யத் தொடங்கியவர். எங்கள் ஹட்டனிலும் 1875 இல் பிரவுன் கம்பனி தொடங்கியது. அப்போது ரயில் நாவலப்பிட்டியோடு நின்றிருந்தது. மிச்ச வழிக்கு மாட்டு வண்டிதான். அத்தனை இரும்பும் அப்படித்தான் மலை ஏறியது.

புத்தகம் இங்கே நின்றுவிடும். நாங்கள் சொல்ல வந்தது இதற்குப் பிறகுதான்.

ரோலர் என்பது அடியில்லாத ஒரு வட்டப் பெட்டி. கீழே வரிக்கட்டைகள் பதித்த மேசை. மூன்று கிராங்குகள் அந்தப் பெட்டியை மேசை மேல் வட்டமாக இழுத்துக்கொண்டு போகும். ஒவ்வொரு கிராங்கின் ஊசியும் ஒரு பித்தளைப் புஷ்ஷுக்குள் சுழலும். உலோகமும் உலோகமும் நேரே உரசினால் சூடேறி இறுகிவிடும். இடையில் எண்ணெய் வேண்டும். ரோலர் நிமிடத்துக்கு நாற்பது, நாற்பத்தைந்து சுற்றுத்தான் சுற்றும். வேகமாகச் சுழலும் தண்டு எண்ணெயைத் தானே இழுத்துப் படலமாக்கிக்கொள்ளும். மெதுவாகச் சுழல்வதற்கு அது கைகூடாது. ஆகவே திரும்பத் திரும்ப ஊற்ற வேண்டும்.

தலைக்கு மேலே நீண்ட தண்டு, அதிலிருந்து ஒவ்வொரு மெஷினுக்கும் பெல்ட். அந்தத் தண்டின் தாங்கிகளுக்கும் எண்ணெய். மெஷினை நிறுத்தினால் கொழுந்து கெட்டுவிடும் என்பதால், ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்திலேயே ஏணி வைத்து ஏறினார்களாம். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் இறுக்கிக் கட்டாமல் தாத்தா ஒருநாளும் ஏறியதில்லையாம்.

இன்னொரு பக்கம் தேயிலை. எந்த வாசத்தையும் உறிஞ்சிக்கொள்ளும் சாமான் அது. எண்ணெய் கூடி ஒரு துளி கொழுந்தில் விழுந்தால் தூளில் மணக்கும். குறைந்தால் புஷ் கருகும். எது நடந்தாலும் டீமேக்கர் ஐயாவிடம் ஏச்சு வாங்குவது எண்ணெய்க்காரர்தான்.

எண்ணெய் இல்லாத தாங்கிக்கு உலகம் நீண்ட காலமாகவே வழி தேடியது. இங்கிலாந்தில் ஜோன் ஹரிசன் என்ற தச்சர், 1722 அளவில் கட்டிய ஒரு கோபுர மணிக்கூட்டில் லிக்னம் வீட்டே என்ற பிசின் நிறைந்த மரத்தைத் தாங்கியாகப் போட்டார். வோக்கர் கண்டியில் தொழில் தொடங்கிய அதே 1854 இல், ஜோன் பென் அந்த மரத்தைக் கப்பல் சுழலித் தண்டுக்குப் போட்டுக் காப்புரிமை எடுத்தார். அங்கே கடல் நீரே எண்ணெயின் வேலையைச் செய்தது. 1930 அளவில் அமெரிக்காவின் கிறைஸ்லர் கம்பனி, செம்பு, வெள்ளீயத் தூளை அழுத்திச் சுட்டு, கண்ணுக்குத் தெரியாத துளைகளில் எண்ணெய் ஊறிய புஷ்ஷைக் கொண்டுவந்தது. 1938 இல் டுபோன்ட் கம்பனியின் ரோய் பிளங்கெட் வேறு எதற்கோ ஆராய்ந்துகொண்டிருந்தபோது ஒரு வெள்ளைத் தூள் கிடைத்தது. அதுதான் டெஃப்லோன், ஒட்டாத தாச்சியில் பூசுகிறார்களே, அதே சாமான்.

1950களில் பிரித்தானியாவின் கிளேசியர் மெட்டல் கம்பனி இவற்றை ஒன்று சேர்த்தது. வெளியே உருக்கு, நடுவே துளைகள் உள்ள வெண்கலம், அந்தத் துளைகளில் டெஃப்லோனும் ஈயமும். ஓடத் தொடங்கியதும் டெஃப்லோன் மெல்லிய தோலாகத் தண்டில் படிந்துவிடும். பிறகு உரசுவது டெஃப்லோனும் டெஃப்லோனும். ஈயம் உணவுக்கு ஆகாது என்பதால் பின்னர் ஈயமில்லாத வகைகளும், கண்ணாடி நாரும் பிசினும் சேர்ந்த வகைகளும் வந்தன. மெதுவாகச் சுழலும் ரோலருக்கு இது நன்றாகவே பொருந்தும். கிரீஸ் உருகி வழிகிற ட்ரையர் சூட்டையும் தாங்கும்.

குறையும் உண்டு. மண் துகள் புகுந்தால் சீக்கிரம் தேயும். தேய்ந்தால் முழுதாக மாற்ற வேண்டும், இறக்குமதி வேறு. 2022 இல் டொலர் இல்லாமல் நாம் பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டோம். பித்தளைப் புஷ் என்றால் ஊர்ப் பட்டறையிலேயே வார்த்துக் கடைந்து போட்டுவிடலாம். புதியதெல்லாம் மேலானது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஒன்று. இந்தப் புஷ் உணவுச் சுத்தத்துக்காகவும் செலவைக் குறைக்கவும் வந்தது. ஏணியில் ஏறியவரின் கைக்காக வரவில்லை. தனித்தனி மோட்டார்கள் வந்து மேல்தண்டைக் கழற்றியபோது ஏணி போனது, வேலையும் போனது. பழைய பித்தளை எங்கே போனது என்பது, பழைய இரும்புக் கடை வைத்திருக்கும் எங்கள் சொந்தங்களுக்கு நன்றாகவே தெரியும். கிலோ கணக்கில் நிறுத்தவர்கள் அவர்கள்தானே!

ஹந்தானை தேயிலை அருங்காட்சியகத்தில் பழைய மெஷின்களைப் பார்க்கலாம். செய்த கம்பனியின் பெயர் இரும்பிலேயே வார்த்திருக்கும்.

அடுத்த கிழமை அந்த மாணவி தாத்தாவின் எண்ணெய்க்குவளையைக் கொண்டுவந்தாள். நீண்ட மூக்கு, நசுங்கிய அடி, இன்னும் மணக்கிறது. விஞ்ஞான அறை அலுமாரியில் அவர் பெயரை எழுதி வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் ஸ்டோர் வேலைச் சாமான் ஏதாவது இருந்தால் படமெடுத்துக் கீழே போடுங்கள், வேலை செய்தவரின் பெயரோடும் தோட்டத்தின் பெயரோடும்.